பக்கத்து பெட்டுக்கு ஸ்டெராய்டு, என் அப்பாவுக்கு ஏன் இல்லை?

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. 61 வயதான அவருடைய அப்பாவுக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்தது. நாலே நாளில் மூச்சுத்திணறல், இரண்டு நுரையீரலிலும் நிமோனியா, ரத்தத்தில் நிமோகாக்கஸ் கிருமி. செப்சிஸ் என்று சொல்லி ஐ.சி.யு.வில் சேர்த்து, வென்டிலேட்டர் போட்டு இன்றோடு 7 நாள் ஆகிறது. கேஸ் ஷீட்டில் ஏ.ஆர்.டி.எஸ். (அழற்சியால் நுரையீரலில் நீர் கோத்து, ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் போதாமல் போகும் நிலை) என்று எழுதியிருக்கிறது. பக்கத்து பெட்டில் இருப்பவருக்கும் நிமோனியாதான். அவருக்கு ஸ்டெராய்டு போகிறது, அப்பாவுக்கு இல்லை. அப்பாவை நாளின் பெரும்பகுதி குப்புறப் படுக்க வைக்கிறார்கள், முகம் வீங்கிப்போய்ப் பார்க்கவே முடியவில்லை. ஆன்டிபயாட்டிக்கை 7 நாளோடு நிறுத்தப் போகிறார்களாம்.

இரவெல்லாம் செல்போனில் படிக்கும் அண்ணன், “ஜீன் டெஸ்ட் எடுத்தால் எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துவிடும், ரத்தத்தை வடிகட்ட ஃபில்டர் இருக்கிறது, ஸ்டெம் செல் இருக்கிறது, குறைந்தது வைட்டமின் சி-யாவது போடலாமே, இங்கே பழைய வைத்தியம்தான் பார்க்கிறார்கள், வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவோம்” என்கிறார். இதற்கு நடுவே ஆய்வுக் குழு ஒன்று வந்திருக்கிறது. அப்பாவின் ரத்தத்தைப் பரிசோதித்து அவர் எந்த வகை நோயாளி என்று பார்ப்பார்களாம். பிறகு குலுக்கல் முறையில் ஒரு மருந்தைச் சேர்ப்பார்கள், அல்லது வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்வார்கள். நாளை மறுநாளுக்குள் கையெழுத்து வேண்டும். “அவரைச் சோதனை எலி ஆக்காதே” என்று அம்மா அழுகிறார். கடைசியாக ஒரு கேள்வி: இது பரம்பரையாக என் பிள்ளைகளுக்கும் வருமா?

அன்புள்ள சகோதரி,

அப்பாவை நான் பார்க்கவில்லை, அவருடைய ரிப்போர்ட்டுகளும் என்னிடம் இல்லை. அதனால் சிகிச்சையை இப்படி மாற்றச் சொல்லுங்கள், அப்படி மாற்றச் சொல்லுங்கள் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் ஏழெட்டுக் கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான்: ஒரே பெயருள்ள நோயில் யாருக்கு எந்தச் சிகிச்சை உதவும்? தீவிர சிகிச்சைத் துறையில் கடந்த 15 ஆண்டு ஆராய்ச்சியே அதைச் சுற்றித்தான் நடக்கிறது. கெடு இருப்பது கையெழுத்துக்கு மட்டும் என்பதால் அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படிவத்தை வரி வரியாகப் படித்து, நான் பின்னால் சொல்லும் விஷயங்களைக் கேட்டுத் தெளிந்த பிறகு தாராளமாகப் போடலாம். ஏன் என்பது மற்றக் கேள்விகளைக் கடந்து வந்தால்தான் புரியும்.

ஒரே பெயர், ஒரே நோய் அல்ல

செப்சிஸ் என்றால் ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். 2016-இல் உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரையறை வேறு மாதிரி சொல்கிறது. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப்போய், உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு உறுப்புகள் கெடுவதுதான் செப்சிஸ். அதாவது சேதத்தில் பெரும்பங்கு கிருமியால் மட்டும் வருவதில்லை, நம்முடைய நோய் எதிர்ப்பு மண்டலமும் சேர்ந்து செய்கிறது.

அந்த எதிர்வினை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு அழற்சி கொழுந்துவிட்டு எரியும். ரத்தத்தில் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற சைட்டோகைன்கள், அதாவது எதிர்ப்பு மண்டலத்தின் தூதுப் புரதங்கள், எகிறிக் கிடக்கும். வேறு சிலருக்கு எதிர்ப்பு சக்தி களைத்து ஓய்ந்துபோயிருக்கும், டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து வேலை செய்ய மறுக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் காய்ச்சல், மூச்சுத்திணறல், பிரஷர் குறைவு. கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் எல்லோருக்கும் ஒரே பெயர்.

இப்போது ஸ்டெராய்டுக்கு வருகிறேன். அழற்சியை அடக்கும் மருந்து அது. கோவிட் காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ரெக்கவரி ஆய்வு 2020-இல் ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்தபோது இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குக் கொடுத்தபோது ஒரு பயனும் தெரியவில்லை. அதே மருந்து, அதே வைரஸ், ஆள் மட்டும் வேறு. 2023-இல் பிரான்ஸிலிருந்து இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. கோவிட் அல்லாத கடுமையான நிமோனியாவுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டெராய்டு கொடுத்தால் 28 நாளில் இறப்பு 11.9 சதவீதத்திலிருந்து 6.2 ஆகக் குறைகிறது என்றது. பக்கத்து பெட்காரருக்கு ஸ்டெராய்டு போவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்த ஆய்வில் ஃப்ளூ நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. அது தற்செயல் அல்ல. ஃப்ளூ நிமோனியாவில் ஸ்டெராய்டு வாங்கியவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்ததாகப் பல கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. மோசமாக இருந்தவர்களுக்குத்தான் ஸ்டெராய்டு கொடுத்திருப்பார்கள் என்பதால் அதை அப்படியே நம்பிவிட முடியாது. இருந்தாலும் கை தயங்கும். உங்கள் அப்பாவுக்கு ஃப்ளூ டெஸ்ட் பாசிட்டிவ் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருடைய டாக்டர் மறந்துபோய் விட்டிருக்க வாய்ப்பு குறைவு, யோசித்துத்தான் விட்டிருப்பார். விழுந்த பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போனால் அவரே முடிவை மாற்றிக்கொள்ளலாம். “ஏன் தரவில்லை” என்று கேட்பதைவிட, “எந்த நிலை வந்தால் தருவீர்கள்” என்று கேட்டுப் பாருங்கள், பதில் தெளிவாகக் கிடைக்கும்.

ஜீன் டெஸ்ட் பற்றி அண்ணன் படித்தது

அண்ணன் படித்தது பொய்யில்லை, பாதிதான் படித்திருக்கிறார். அவர் சொல்வது பிறவியிலேயே வரும் மரபணுவைப் பார்க்கும் டெஸ்ட் இல்லை. வீட்டில் எத்தனை விளக்குகள் இருக்கின்றன என்பதை டி.என்.ஏ. சொல்லும் என்றால், இந்த நிமிஷம் எவை எரிகின்றன என்பதை ஆர்.என்.ஏ. சொல்லும். செப்சிஸ் ஆராய்ச்சியில் வெள்ளை அணுக்களின் ஆர்.என்.ஏ.-யைத்தான் படிக்கிறார்கள். அது நாளுக்கு நாள் மாறும். சேர்த்த அன்று ஒரு வகையில் இருந்தவர் நாலாம் நாள் வேறு வகைக்கு நகர்ந்திருக்கலாம்.

2016-இல் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் நிமோனியா செப்சிஸ் நோயாளிகளை இப்படி இரண்டு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையினரின் எதிர்ப்பு சக்தி ஒடுங்கிக் கிடந்தது, இறப்பும் அவர்களிடம்தான் அதிகம். பிறகு, ஏற்கெனவே முடிந்திருந்த ஒரு ஸ்டெராய்டு ஆய்வின் ரத்த மாதிரிகளை எடுத்து இதே பிரிவினைப்படி பார்த்தார்கள். இரண்டாம் வகையினரில், அதாவது எதிர்ப்பு சக்தி ஓரளவு தேறியிருந்தவர்களில், ஹைட்ரோகார்ட்டிசோன் வாங்கியவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது. 2019-இல் இது வெளியானபோது எங்கள் துறையில் பலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நல்லது என்று நினைத்துக் கொடுத்தது ஒரு பிரிவினருக்குக் கெடுதலாக இருந்திருக்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அப்பாவின் ஏ.ஆர்.டி.எஸ்.ஸிலும் இதே கதைதான். 2014 முதல் வந்த ஆய்வுகள் அதை இரண்டாகப் பிரிக்கின்றன: அழற்சி மிகுந்த வகை, அழற்சி குறைந்த வகை. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முதல் வகை, அவர்களில் இறப்பு அதிகம். ரத்தத்தில் இன்டர்லூகின்-8, புரோட்டீன் சி, பைகார்பனேட் என்ற மூன்றின் அளவுகளை மட்டும் வைத்து ஓரளவுக்கு நன்றாகவே பிரித்துவிட முடிகிறது. இதில் முதல் இரண்டையும் எல்லா ஆஸ்பத்திரி லேபிலும் அவசரத்துக்குப் பார்க்க முடியாது.

சரி, பிரித்தாயிற்று. பிரித்த பிறகு எந்த வகைக்கு எந்த மருந்து? அங்கேதான் கதை நிற்கிறது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடினை ஏ.ஆர்.டி.எஸ்.ஸுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மொத்தமாகப் பயன் ஒன்றும் இல்லை. 2018-இல் அதே ஆய்வை வகை பிரித்து மறுபடி பார்த்தபோது, அழற்சி மிகுந்த வகையில் சிம்வாஸ்டாடின் வாங்கியவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். ஆஹா என்று எழுந்து நிற்கும்போதே, அதே ரக மருந்தான ரோசுவாஸ்டாடினை வைத்து நடந்த இன்னொரு ஆய்வை அதே மாதிரி பிரித்துப் பார்த்தால் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. பின்னோக்கிப் பார்க்கும் கணக்குகளுக்கு இந்தக் குணம் உண்டு. முன்கூட்டியே வகை பிரித்து, குலுக்கல் போட்டுக் கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

உங்கள் கையில் இருக்கும் படிவம் கேட்பது ஏறக்குறைய அதைத்தான். அண்ணன் வெளியே தேடிக்கொண்டிருக்கும் ஜீன் டெஸ்ட்டும் அம்மா பயப்படும் ஆய்வும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள். தனியாக ஒரு லேபில் அந்த டெஸ்ட்டை எடுத்து ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டினால், டாக்டர் அதை வைத்துச் செய்யக்கூடியது இன்றைக்கு எதுவும் இல்லை.

‘பழைய வைத்தியம்’

குப்புறப் படுக்க வைத்திருப்பதைப் பார்த்து, கவனிக்க ஆளில்லாமல் போட்டுவிட்டார்கள் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உண்மை நேர்மாறு. மல்லாந்து படுத்திருக்கும்போது நுரையீரலின் பின்பகுதி இதயத்தின் எடையிலும் தன் எடையிலும் நசுங்கிக் கிடக்கும். கவிழ்த்தால் அது விரியும், ரத்தமும் காற்றும் சந்திக்கும் பரப்பு கூடும். 2013-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், மோசமான ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளைத் தொடர்ந்து 16 மணி நேரமாவது குப்புற வைத்தபோது 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 ஆக இறங்கியது. எங்கள் துறையில் எந்த ஊசி மருந்தும் இப்படி ஒரு வித்தியாசம் காட்டி நான் பார்த்ததில்லை.

அதைச் செய்வதும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு தடவை கவிழ்க்க ஐந்தாறு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று டியூபைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார், அவர் சொல்லும்போதுதான் மற்றவர்கள் அசைவார்கள். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை, கண்ணுக்குக் களிம்பு, முகத்தை அவ்வப்போது இடமும் வலமும் திருப்பி வைப்பது, இத்தனையும் உண்டு. முகம் வீங்குவது தண்ணீர் கீழ்நோக்கி இறங்குவதால். மல்லாத்தியதும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். கன்னம், தாடை, நெற்றியில் புண் வராமல் பார்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்த்த அன்று நர்ஸ் ஒருவர் டேப்பை வைத்துத் தலை முதல் கால் வரை அளந்தார், தையல்காரர் மாதிரி, என்று கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது, உடம்பின் பருமனைப் பொறுத்தது அல்ல. வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும் என்பதை உயரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 2000-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி என்று தள்ளிக்கொண்டிருந்ததை 6 மில்லியாகக் குறைத்தபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. கணக்கு கண்மதிப்பில் இல்லாமல் டேப்பில் நடந்திருக்கிறது என்றால், அந்த ஐ.சி.யு. வேலை தெரிந்த இடம்.

ஆன்டிபயாட்டிக்கை 7 நாளில் நிறுத்துவதும் சிக்கனம் அல்ல. 2024-இல் வெளியான பேலன்ஸ் ஆய்வில், ரத்தத்தில் கிருமி இருந்த 3,600-க்கும் மேற்பட்டவர்களுக்கு 7 நாளா 14 நாளா என்று குலுக்கல் போட்டார்கள். 90 நாளில் இறப்பு 7 நாள் வாங்கியவர்களில் 14.5 சதவீதம், 14 நாள் வாங்கியவர்களில் 16.1. அதாவது குறைவாகக் கொடுப்பது மோசமில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரியான சில கிருமிகளுக்கு இது பொருந்தாது. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தாலும் 7 நாள் போதாது. அப்படி எதுவும் இல்லையே என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

கவனித்தீர்களா? இந்த மூன்றில் இரண்டு, செய்துகொண்டிருந்ததைக் குறைத்துக்கொண்டவை. என் துறையில் ஆராய்ச்சி கற்றுக்கொடுத்ததில் பாதி, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடம் எது என்பதுதான். வீட்டாருக்கு அது ஒன்றும் செய்யாமல் விட்ட மாதிரித் தெரியும்.

ஃபில்டர், ஸ்டெம் செல், வைட்டமின் சி

சைட்டோகைன்தான் பிரச்சினை என்றால் அதை வடிகட்டி எடுத்துவிட்டால் என்ன என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஃபில்டருக்கு நல்ல சைட்டோகைன் எது, கெட்டது எது என்று தெரியாது. சில ஆன்டிபயாட்டிக்குகளையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரம்) போடப்பட்ட 34 கோவிட் நோயாளிகளிடம் குலுக்கல் போட்டுப் பார்த்தார்கள். 30 நாளில் ஃபில்டர் இல்லாதவர்களில் 76 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், ஃபில்டர் போட்டவர்களில் 18 சதவீதம் பேர்தான். மிகச் சிறிய ஆய்வு, அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனாலும் “போட்டுப் பார்ப்போமே, நஷ்டம் ஒன்றுமில்லை” என்ற பேச்சுக்கு அதன்பிறகு இடமில்லை.

வைட்டமின் சி-யின் கதையும் அதுதான். 2017-இல் ஒரே மருத்துவமனையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. வைட்டமின் சி, தையமின், ஸ்டெராய்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்த 47 பேரில் இறப்பு 8.5 சதவீதம், அதற்கு முன்பு சிகிச்சை பெற்ற 47 பேரில் 40.4 சதவீதம் என்றார்கள். உலகமே பரபரத்தது. அண்ணன் படித்தது அநேகமாக இதைத்தான். 2022-இல் 872 பேரிடம் முறையாக நடந்த லோவிட் ஆய்வில், அதிக அளவு வைட்டமின் சி வாங்கியவர்களில் 44.5 சதவீதம் பேர் 28-ஆம் நாளில் இறந்திருந்தார்கள், அல்லது உறுப்புச் செயலிழப்போடு இருந்தார்கள். வாங்காதவர்களில் அது 38.5 சதவீதம். பயனில்லை என்பதோடு நிற்கவில்லை, கெடுதல் என்று முடிந்தது. ஸ்டெம் செல் இன்னும் ஆரம்ப நிலையில் இருக்கிறது. பாதுகாப்பாகக் கொடுக்க முடிகிறது என்பது வரை தெரிகிறது, உயிரைக் காப்பாற்றுகிறது என்று நிரூபணமாகவில்லை. ஆய்வுக்கு வெளியே யாராவது பணம் வாங்கிக்கொண்டு அதைப் போடுகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வேறு இடத்துக்கு மாற்றலாமா?

எந்த மருந்து அங்கே இருக்கிறது என்று பார்த்து மாற்றாதீர்கள், இங்கே எது இல்லை என்று பார்த்து மாற்றுங்கள். குப்புற வைக்கிறார்கள், சிறுநீரகம் நின்றால் டயாலிசிஸ் செய்ய வசதி இருக்கிறது, இரவிலும் ஐ.சி.யு.வுக்கென்று டாக்டர் இருக்கிறார் என்றால், இப்போது தேவையானதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. இல்லாமல் இருக்கக்கூடியது எக்மோ. வென்டிலேட்டரும் குப்புற வைப்பதும் போதாமல் ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டே போனால்தான் அதன் பேச்சு வரும். வந்தால் தாமதிக்கக் கூடாது. ஆகவே இன்றே கேட்டு வையுங்கள்: “எக்மோ தேவைப்படும் கட்டம் எது, எந்த சென்டரோடு பேசி வைத்திருக்கிறீர்கள்?” வென்டிலேட்டர் நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி இறக்குவதில் டியூப் நழுவும், பிரஷர் விழும். காரணம் பலமாக இருந்தால் மட்டும் எடுக்க வேண்டிய ரிஸ்க் அது. இன்னொரு நிபுணரின் கருத்தைக் கேட்பதற்கு அப்பாவை நகர்த்த வேண்டியதில்லை, கேஸ் சுருக்கத்தையும் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்கி அனுப்பினால் போதும். அதைக் கேட்பது உங்கள் உரிமை. அதற்காக டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம்.

படிவம்

அம்மாவின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவ ஆராய்ச்சியில் மனிதர்களை நிஜமாகவே எலிகளாக நடத்திய காலம் உண்டு. அதனால்தான் 1964-இல் ஹெல்சிங்கி பிரகடனமும் அதன்பின் நெறிமுறைக் குழுக்களும் வந்தன. அண்ணனின் ஆசையிலும் ஒரு தவறு இருக்கிறது. ஆய்வில் சேர்ந்தால் புது மருந்து கட்டாயம் கிடைக்கும், அது நல்லதாகவும் இருக்கும் என்று அவர் நினைக்கிறார். குலுக்கலில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்தான் கிடைக்கலாம். அது ஏமாற்று இல்லை. எது மேல் என்று யாருக்கும் தெரியாததால்தான் குலுக்கலே போடுகிறார்கள். தெரிந்திருந்தால் குலுக்கல் போடுவது குற்றம்.

புது மருந்து என்றாலே நல்லது என்று நம்புகிறவர்களுக்கு ஸைக்ரிஸ் என்ற மருந்தின் கதையைச் சொல்வது என் வழக்கம். செப்சிஸுக்கென்றே 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. பத்து வருஷம் உலகம் முழுக்கக் கொடுத்தோம். மறுபடி ஒழுங்காக ஆய்வு செய்ததில் பயன் இல்லை என்று தெரிந்து 2011-இல் கம்பெனியே திரும்பப் பெற்றது. இரண்டாவது ஆய்வில் சேரச் சம்மதித்த குடும்பங்கள் இல்லாவிட்டால், ரத்தக்கசிவை உண்டாக்கும் அந்த மருந்து இன்றும் உங்கள் அப்பாவின் கையில் ஏறிக்கொண்டிருக்கலாம்.

ஆய்வுக் குழுவிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. நெறிமுறைக் குழுவின் அனுமதி எண், ஆய்வுப் பதிவு எண் இரண்டும் படிவத்தில் இருக்கின்றனவா? அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன, கல்லீரல் சிறுநீரகம் கெட்டால் யார் நிறுத்துவார்கள்? ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது? எடுத்த ரத்தத்தையும் மரபணுத் தகவலையும் எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், யாருக்குக் கொடுப்பார்கள்? ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் போடுவது அப்பாவுக்குப் பதிலாகப் போடும் கையெழுத்து. “எனக்கு எது பிடிக்கும்” என்று யோசிக்க வேண்டாம், “அப்பா விழித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்” என்று யோசியுங்கள். அவருக்கு நினைவு திரும்பியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். நீங்களும் எந்த நிமிஷமும் காரணம் சொல்லாமல் விலகலாம். மறுத்தால் கவனிப்பு குறையும் என்று யாராவது ஜாடையாகச் சொன்னால்கூட அது தவறு, நெறிமுறைக் குழுவிடம் புகார் செய்யலாம். இவ்வளவும் திருப்தியாக இருந்து, அம்மாவின் மனது மட்டும் ஒப்பவில்லை என்றால், போடாமல் விடுங்கள். அப்பாவுக்கு அதனால் எதுவும் குறைந்துவிடாது.

பிழைப்பாரா என்று சதவீதம் கேட்டதற்கு டாக்டர் மழுப்பினார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நூறு பேரைப் பற்றிய எண் ஒருவரைப் பற்றி அதிகம் சொல்லாது, அதனால் நானும் சொல்ல மாட்டேன். தினமும் ஒரே டாக்டரிடம், வீட்டிலிருந்து ஒரே ஆள், மூன்றை மட்டும் கேளுங்கள்: ஆக்ஸிஜன் நேற்றைவிடக் குறைத்திருக்கிறீர்களா, பிரஷர் மருந்து குறைந்ததா, சிறுநீர் போகிறதா? மூன்றும் ஒரே திசையில் நாலைந்து நாள் போனால் உங்களுக்கே புரியும். மோசமாகும் திசையில் போனால், எதுவரை போவது, அப்பா எதை ஒப்புக்கொள்வார் என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சை எடுத்தால் அவரைக் கைவிட்டதாக ஆகாது.

மயக்க மருந்தைக் குறைக்கும்போது அவர் உளறலாம், உங்களை அடையாளம் தெரியாமல் போகலாம், டியூபைப் பிடுங்கப் பார்க்கலாம். டெலிரியம் என்ற அந்தக் குழப்பம் ஐ.சி.யு.வில் சகஜம். அப்பாவுக்குக் காது மெஷின் உண்டு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் கண்ணாடியையும் நர்ஸிடம் கொடுத்து வையுங்கள். காதும் கண்ணும் தெளிவாக இருந்தால் குழப்பம் சீக்கிரம் தெளியும். கை கால் பலம் திரும்ப மாதங்கள் ஆகும். ஐ.சி.யு.வின் முதல் 10 நாளிலேயே தொடைத் தசை சராசரியாக 17.7 சதவீதம் கரைந்துவிடுகிறது என்று 2013-இல் லண்டனில் ஸ்கேன் வைத்து அளந்திருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் எப்போதிலிருந்து வருவார் என்று இப்போதே கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு வருமா?

தொற்றில் மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1988-இல் டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பெற்ற தாயோ தந்தையோ 50 வயதுக்குள் தொற்றால் இறந்திருந்தால், பிள்ளையும் தொற்றால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5.8 மடங்கு. வளர்த்தவர்கள் அப்படி இறந்திருந்தால் அந்த மாதிரித் தொடர்பு தெரியவில்லை. கோவிட் காலத்தில் பிரிட்டனின் 208 ஐ.சி.யு.க்களில் நடந்த மரபணு ஆய்வு டி.ஒய்.கே.2 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டியது. அந்தப் பாதையைத் தடுக்கும் பாரிசிட்டினிப் என்ற மூட்டுவாத மாத்திரை கோவிட் இறப்பைக் குறைப்பது பிறகு உறுதியானது. மூலக்கூறு உயிரியல் கட்டில் வரைக்கும் வந்து சேர்ந்த அபூர்வமான நல்ல உதாரணம் அது.

ஆனால் 61 வயதில், அதுவரை ஆரோக்கியமாக இருந்தவருக்கு, ஃப்ளூவுக்குப் பின்னால் நிமோகாக்கஸ் நிமோனியா வருவது மருத்துவத்தில் மிகப் பழைய கதை. அதற்காகப் பிள்ளைகளுக்கு மரபணு டெஸ்ட் எடுப்பது வீண். சின்ன வயதிலேயே திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் தொற்றால் இருவர் மூவர் இறந்திருந்தாலோ அப்போது ஒரு நோய் எதிர்ப்பியல் நிபுணரைப் பாருங்கள். இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றுக்கு ஃப்ளூ உயிராபத்தாக மாறியதற்கு ஐ.ஆர்.எஃப்.7 என்ற ஒற்றை மரபணுவின் கோளாறே காரணம் என்று 2015-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது அரிதிலும் அரிது. உங்கள் வீட்டுக்கு இப்போது வேண்டியது வருஷாவருஷம் போடும் ஃப்ளூ தடுப்பூசி. அம்மாவுக்கும், டிஸ்சார்ஜ் ஆன பிறகு அப்பாவுக்கும், நிமோகாக்கஸ் தடுப்பூசியையும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், அல்லது புகைப்பழக்கம் இருந்தால், ஜீன் டெஸ்ட்டுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தையும் நேரத்தையும் அந்தப் பக்கம் திருப்புங்கள்.